'நாளே பா'

தொம்மலூரில் பழைய விமான நிலையச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், மாடியறைத் தரையில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடக்கிறது. அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். வயது 76. பெட்டி அவருடையதல்ல, 2023-இல் காலமான அவர் மனைவியுடையது. உள்ளே நகையோ பட்டோ இல்லை. வீடு கட்டிய 1988 முதல் ஆண்டு தவறாமல் கட்டிய வீட்டு வரியின் ரசீதுகள், நூலால் கட்டி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

2025 அக்டோபரில் ஒரு காலை. மனைவியின் பெயரில் இருந்த ஒரு பதிவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்தார். திறந்தவரின் கவனத்தை ரசீதுகளின் தலைப்பு இழுத்துக்கொண்டது. அடியில் இருப்பவற்றில் 'பெங்களூர் மாநகராட்சி'. அதற்கு மேல் 'பெங்களூர் மகாநகர பாலிகே'. அதற்கும் மேல் 'பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே'. அடுத்த ரசீது வரும்போது அதில் 'பெங்களூரு மத்திய மாநகராட்சி' என்றிருக்கும். வீடு நகரவில்லை. வாசற்படி நகரவில்லை. தலைப்பு மட்டும் மூன்றாவது முறையாக மாறுகிறது.

"நான் பிறந்த வருஷம்தான் கார்ப்பரேஷனும் பிறந்தது" என்று சிரிக்கிறார் பெரியவர். உண்மைதான். 1862 முதல் இந்த ஊருக்கு இரண்டு நகராட்சிகள் இருந்தன. பேட்டைப் பகுதிக்கு ஒன்று, பிரிட்டிஷ் ராணுவம் தங்கியிருந்த கண்டோன்மெண்டுக்கு ஒன்று. 1947-இல் கண்டோன்மெண்ட் மைசூர் அரசிடம் திரும்பி வந்தது. 1949-இல் இரண்டும் இணைந்து மாநகராட்சி ஆயின. பெரியவர் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து 36 ஆண்டுகள் உழைத்து, 2007-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் சுற்றியிருந்த நகராட்சிகளையும் கிராமங்களையும் விழுங்கி மாநகராட்சி 'பிருஹத்' ஆயிற்று. 2025 செப்டம்பரில் அது ஐந்தாக உடைந்தது. மேலே 'கிரேட்டர் பெங்களூரு ஆணையம்' என்ற குடை. அதன் தலைவர் முதலமைச்சர்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு பேய்க்கதை தெரியும். 1990-களில் நகரத்திலும் கர்நாடகத்தின் பல கிராமங்களிலும் பரவிய கதை. இரவில் ஒரு பெண் பேய் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுமாம். தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம். கதவைத் திறந்தவர் பிழைக்க மாட்டாராம். மக்கள் அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள். 'நாளைக்கு வா' என்று பொருள். பேய் வரும், படிக்கும், திரும்பிப் போகும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், மறுபடி திரும்பும். பேய்க்கு எழுத்தறிவு இருந்தது; ஏமாற்றப்படுகிறோம் என்ற அறிவுதான் இல்லை.

"அந்த வாசகத்தை முதலில் எழுதியது ஜனங்கள் இல்லை, நாங்கள்தான்" என்கிறார் பெரியவர். 'நாங்கள்' என்று அவர் சொல்வது அரசு ஊழியர்களை.

அரசு அமைப்புகள் எப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு நூலகம் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. பணக்கார நாடுகளில் ஏன் மாறின, ஏழை நாடுகளில் ஏன் மாறவில்லை என்று அட்டவணை போடுபவர்களும் உண்டு. தொம்மலூரின் இந்த ஒரு தெருவில் நின்று பார்த்தால் கேள்வி சற்று வேறு விதமாகத் தெரிகிறது. இங்கே மாறாத அமைப்பு என்று எதுவுமே இல்லை. மனை பிரித்துக் கொடுக்கும் வேலையை 1945-இல் பிறந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு செய்தது. 1976 முதல் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் செய்கிறது. குழாய்த் தண்ணீருக்கு 1964 முதல் தனி வாரியம். கர்நாடக மின் வாரியம் 1999-இல் கழகமாகி, 2002-இல் இந்தப் பகுதிக்கு 'பெஸ்காம்' ஆயிற்று. நகரப் பஸ்கள் 1997-இல் பி.எம்.டி.சி. ஆயின. தொலைபேசித் துறை 2000-இல் பி.எஸ்.என்.எல். ஆயிற்று. ஊரின் பெயரே 2014 நவம்பரில் அதிகாரபூர்வமாக 'பெங்களூரு' ஆயிற்று. எல்லாம் மாறியிருக்கின்றன. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு எதில் மாற்றம் தெரிந்தது என்பதுதான் கேள்வி.

பெரியவரின் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு டெலிபோன் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தை உள்ளேயிருந்து பார்த்தவர். கணவருக்கும் அவருக்கும் இதுபற்றி நிறைய வாக்குவாதம் நடந்ததுண்டு. "உங்க ஆபீஸ்ல எத்தனை சர்க்குலர் வந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்பாராம். "எங்க டிபார்ட்மென்ட் மாறினது போர்டு மாறினதால இல்ல. ஜனங்க போறதுக்கு வேற கடை கிடைச்சுது. அதனால மாறிச்சு."

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் ஏறத்தாழ இதையே சொன்னார். ஒரு நிறுவனம் சீரழியும்போது அதைத் திருத்த மக்களிடம் இருப்பவை இரண்டு ஆயுதங்கள். ஒன்று, விலகிப் போவது. மற்றொன்று, குரல் கொடுப்பது. செல்போன் வந்ததும் தொலைபேசித் துறையிடமிருந்து மக்கள் விலகிப் போக முடிந்தது. ஆனால் பிறப்புச் சான்றிதழுக்கும் நிலப் பதிவுக்கும் பென்ஷன் கோப்புக்கும் எதிர்க் கடை கிடையாது. அங்கே குரல் ஒன்றுதான் வழி. குரல் கேட்காவிட்டால் 'நாளே பா'தான்.

பெரியவர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல. அவருக்கு அது 1983-ஆம் ஆண்டு ஒரு கோப்பாகத் தெரியும்.

அந்த ஆண்டு ஒரு பெண் அவர் மேசைக்கு வந்தாள். கணவன் அதே துறையில் கடைநிலை ஊழியன், பணியிலிருக்கும்போதே இறந்துவிட்டான். குடும்ப ஓய்வூதியத்துக்கான கோப்பு அவர் மேசையைத் தாண்ட வேண்டும். ஒரு தாளில் ஒரு பழைய பதிவை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் விடுப்பில் இருந்தார். பதிவேடு அவர் பீரோவில். "நாளே பன்னி அம்மா" என்றார். அவள் வந்தாள். மறுபடி சொன்னார். பக்கத்து மேசைக்காரர் திரும்பியபோது வேறு கோப்புகள் மேலே ஏறியிருந்தன. அந்தப் பெண் கைக்குழந்தையோடு பஸ் பிடித்து வந்து போனாள். அவள் கோப்பு அந்த மேசையைத் தாண்டப் பதினோரு மாதம் ஆயிற்று.

"நான் ஒரு பைசா லஞ்சம் வாங்கியதில்லை" என்கிறார். வாழ்நாள் முழுவதும் அவருக்கு அது பெருமை. "அதனாலேயே அந்தப் பதினோரு மாசம் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. கேட்காதவன் நல்லவன் என்று நினைத்தேன். அவள் வந்த முதல் நாளை எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மேலதிகாரி கேட்டிருப்பார். அவள் எத்தனை தடவை வந்தாள் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்."

பணக்கார நாடுகளின் அரசு அலுவலகங்களில் பிறவிக் குணமாக நேர்மையும் வேகமும் இருந்தன என்று நினைப்பவர்கள் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட பிரிட்டனில் அரசு வேலை என்பது சிபாரிசில் கிடைப்பது. நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் தேர்வு வைத்து ஆளெடுக்கச் சொல்லி 1854-இல் வெளியான அறிக்கைக்குக் கடும் எதிர்ப்பு. போட்டித் தேர்வை முதலில் சந்தித்தது லண்டன் அலுவலகங்கள் அல்ல. இந்தியாவை ஆள அனுப்பப்பட்ட சிவில் சர்வீஸ் அதிகாரிகள்தான், 1855-இல். பிரிட்டனின் சொந்த அலுவலகங்களுக்கு அது பொதுவிதியாக 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆளப்பட்ட நாட்டில் சோதித்துப் பார்த்த மருந்தை ஆண்ட நாடு பிறகு குடித்தது. அந்தத் தேர்வை இந்தியர்கள் எழுதக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இந்தியாவிலும் எழுதலாம் என்றானது 1922-இல்தான்.

அமெரிக்காவில் ஒரு கொலை தேவைப்பட்டது. 1881-இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டவன், தேர்தலில் உழைத்ததற்குப் பரிசாக அரசுப் பதவி கேட்டு அலைந்து ஏமாந்தவன். இரண்டாண்டில் தகுதி அடிப்படையில் ஆளெடுக்கும் பெண்டில்டன் சட்டம் வந்தது. அதுவும் முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மட்டும்.

அதாவது, வளர்ந்த நாடுகள் வளர்ந்த பிறகு அலுவலகங்களைத் திருத்தவில்லை. திருத்திக்கொண்டே வளர்ந்தன, அதுவும் சண்டை போட்டு. நமக்கு வந்து சேர்வது அந்தச் சண்டையின் முடிவில் தயாரான படிவம் மட்டும். 1988-இல் நியூஸிலாந்து தன் துறைத் தலைவர்களை ஒப்பந்தத்தில் நியமிக்கும் சட்டத்தைக் கொண்டு வந்தது. இன்ன வேலையை இன்ன விலைக்கு முடிப்பேன் என்று கையெழுத்து. முடிக்காவிட்டால் பதவி நீட்டிப்பு இல்லை. உலகமே அதைப் பார்த்து வியந்தது. ஆலன் ஷிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1998-இல் உலக வங்கியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான வளரும் நாடுகள் நியூஸிலாந்தின் சீர்திருத்தங்களை ஏன் முயலக் கூடாது என்பதே அதன் தலைப்பு. அவர் வாதம் எளியது. எழுதிய விதிப்படி நடக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் ஒப்பந்தம் வேலை செய்யும். விதி ஒன்று, நடைமுறை வேறொன்று என்றிருக்கும் இடத்தில் ஒப்பந்தமும் இன்னொரு காகிதம் ஆகிவிடும். நியூஸிலாந்தே 2020-இல் அந்தச் சட்டத்தை நீக்கிப் புதியது இயற்றியது.

பலகை மாற்றும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. கிரேட்டர் லண்டன் கவுன்சிலை 1986-இல் மார்கரெட் தாட்சர் அரசு கலைத்தது. 2000-இல் வேறு வடிவத்தில் அது திரும்பி வந்தது, இம்முறை மக்களே தேர்ந்தெடுக்கும் மேயரோடு. டெல்லி மாநகராட்சி 2012-இல் மூன்றாகப் பிரிந்து, 2022-இல் மீண்டும் ஒன்றாயிற்று. ஆனால் லண்டனில் அந்தப் பதினான்கு ஆண்டுகளும் 32 பரோக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்கள் இயங்கிக்கொண்டிருந்தன. தெருவிளக்கு எரியாவிட்டால் ஓட்டுப் போட்டவன் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு கவுன்சிலர் இருந்தார்.

இங்கே நிலைமை வேறு. 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கே 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. மறுபடி 2016 முதல் 2022 வரையும் கிடையாது. பெங்களூரில் 2006 முதல் 2010 வரை இல்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக் காலம் முடிந்தது. ஐந்து புதிய மாநகராட்சிகள் பிறந்த 2025 செப்டம்பரில் அவற்றில் ஒன்றில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு உறுப்பினர் இல்லை. பலகைகள் ஐந்தாயின. பதில் சொல்ல வேண்டிய நாற்காலிகள் காலியாக இருந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெங்களூரில் எதுவுமே மாறவில்லை என்று முடித்துவிட்டால் அது பொய். இந்த நகரம் உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னது. இந்திய மேலாண்மைக் கழகத்தின் அகமதாபாத் இயக்குநராக இருந்த பொருளாதார அறிஞர் சாமுவேல் பால், பெங்களூர் மக்களிடம் ஒரு விசாரணை நடத்தினார். தண்ணீர், மின்சாரம், டெலிபோன், மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றின் சேவை எப்படி, ஊழியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எத்தனை முறை அலைந்தீர்கள், கைக்காசு கொடுத்தீர்களா என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைக்கு மதிப்பெண் அட்டை போடுவதுபோல் ஒவ்வொரு அமைப்புக்கும் மார்க் போட்டு 1994-இல் வெளியிட்டார். சேவையில் திருப்தி என்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பத்திரிகைகள் பிரசுரித்தன. அதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள்.

1999-இல் இரண்டாவது அட்டை வந்தபோது சற்று முன்னேற்றம். அதே ஆண்டு முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா, நந்தன் நிலேகணி தலைமையில் ஒரு குழு அமைத்தார். ஏழு அமைப்புகளின் தலைவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் பொதுமக்கள் முன்னால் மேடையேறி, சொன்னதைச் செய்தோமா இல்லையா என்று கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டு வரியைக் குடிமகனே கணக்கிட்டுக் கட்டும் முறை 2000-இல் வந்தது. 2003-இல் மூன்றாவது மதிப்பெண் அட்டை வந்தபோது ஏறக்குறையப் பாதிப் பேர் திருப்தி என்றார்கள். பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகள் இந்த முறையைக் கடன் வாங்கின. பிரிட்டன் 1991-இல் 'குடிமக்கள் சாசனம்' வெளியிட, இந்தியா 1997-இல் அதைப் பின்பற்றியது பழைய கதை. இது எதிர்த் திசையில் போன கதை. 2004-இல் ஆட்சி மாறியது. குழுவும் மறைந்தது. குரல் சட்டமாகாமல் ஒரு முதலமைச்சரின் நல்லெண்ணமாக மட்டும் இருந்தால் அதன் ஆயுள் அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம், பெயர் மாறாமலேயே மாறிய ஒரு துறை. கர்நாடக வருவாய்த் துறையில் சுமார் ஒன்பதாயிரம் கிராமக் கணக்கர்கள் கையால் எழுதி வைத்திருந்த நில ஆவணங்கள், 'பூமி' திட்டத்தில் கணிப்பொறிக்குள் போயின. சுமார் இரண்டு கோடி ஆவணங்கள். 2001 முதல் தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கொடுத்து 'பஹணி'யை வாங்கிக்கொள்ள முடிந்தது. அச்சடித்த காகிதம் பெரிய விஷயமல்ல. பெயர் மாற்றத்துக்கு வந்த விண்ணப்பங்களில் முதலில் வந்ததை முதலில் முடிக்க வேண்டும். பின்னால் வந்ததை முன்னால் இழுக்கக் கணிப்பொறி விடாது. யார் எந்தப் பதிவைத் தொட்டார் என்பது விரல் ரேகையோடு நிற்கும். நகரத்தைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குபவர்களுக்குத்தான் இது அதிகம் உதவியது என்ற விமர்சனம் பின்னால் வந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனாலும் தாசில்தாரும் அவர் அலுவலகமும் அதே பெயரில் இருக்க, மேசையின் விதி மாறியது என்பதை மறுக்க முடியாது.

இயந்திரம் வந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டனின் தபால் துறை ஒரு எச்சரிக்கை. 1999 முதல் அங்கே துணைத் தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணிப்பொறி முறை வந்தது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியபோது, தபால் நிலையம் நடத்தியவர்கள் 'எங்கள் கையில் தவறில்லை' என்று கதறினார்கள். 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். பிழை இயந்திரத்தில். 2024-இல்தான் அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யச் சட்டம் இயற்றினார்கள். வளர்ந்த நாடு, நூற்றாண்டுகள் கண்ட நிர்வாகம், விலை உயர்ந்த கணிப்பொறி எல்லாம் இருந்தன. குறை சொல்ல வந்தவனின் சொல்லை எழுதிக்கொள்ளும் பதிவேடு மட்டும் இல்லை.

கர்நாடகத்தில் அப்படியொரு பதிவேடு சட்டமாகவே இருக்கிறது. 2011-இல் இயற்றி, 2012 ஏப்ரலில் 'சகாலா' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்த சேவை உத்தரவாதச் சட்டம். இன்ன சேவை இத்தனை நாளில் என்று பட்டியல். விண்ணப்பம் கொடுத்ததும் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், தாமதித்தவர் விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும். தொகை சிறியது. ஆனால் 'நாளை' என்ற சொல்லுக்கு முதன்முறையாக ஒரு தேதி கிடைத்தது. பேய்க்கதையின் மொழியில் சொன்னால், கதவில் எழுதியவனே கையெழுத்தும் போட வேண்டும்.

பெரியவர் அன்று காலை பதினோரு மணிக்கு ஓர் அலுவலகத்தின் வரிசையில் நின்றார். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை; எதுவாகவும் இருக்கலாம். மேசைக்குப் பின்னால் இளம் பெண். அவளுக்கு இருபுறமும் இரண்டு காலி நாற்காலிகள். மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்கிறாள் என்பது அவருக்குப் பார்த்ததும் புரிந்தது. தாள்களைப் புரட்டினாள். "எல்லாம் சரியா இருக்கு ஸார். வெச்சுட்டுப் போங்க. அப்புறமா என்ட்ரி போட்டுக்கறேன். நாளே பன்னி" என்றாள் கன்னடத்தில், மரியாதையாகவே.

வேறு யாராவது என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். 36 ஆண்டு எழுத்தருக்கு அந்த 'அப்புறமா'வின் பொருள் தெரியும். பதிவு செய்தால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். பதிவு செய்யாத விண்ணப்பம் பிறக்காத குழந்தை. அதற்கு வயது கிடையாது, எனவே தாமதமும் கிடையாது. தாமதித்தால் அபராதம் என்று சட்டம் சொன்னால், அபராதத்தைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, வேகமாக வேலை செய்வது. மற்றொன்று, தேதியை எழுதாமல் இருப்பது. சகாலா வருவதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முன்னாலேயே இரண்டாவது வழியைக் கற்றவர் அவர்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை. "அம்மா, நானும் உங்களை மாதிரி மேசைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தவன்தான்" என்றார். "அவசரமில்லை. வேலை பத்து நாள் கழிச்சு ஆனாலும் சரி. ஆனா இன்னிக்குத் தேதி போட்டு நம்பர் குடுங்க. அது இல்லாம நான் போகமாட்டேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஸர்வர் மெதுவா இருக்கு ஸார்." "இருக்கட்டும். நான் நிக்கறேன்."

நாற்பது நிமிடம் நின்றார். முழங்கால் வலித்தது. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் அச்சுப் பொறி கிர்ரென்று ஓடியது. சீட்டில் எண் இருந்தது, தேதி இருந்தது, முடிக்க வேண்டிய நாளும் இருந்தது. அவள் அதை நீட்டும்போது சிரித்தாள் என்று சொன்னால் அது கதை. சிரிக்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மாலையில் தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குப் போவது அவர் வழக்கம். அங்கே கல்லில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் காலத்தவை அவற்றில் சில. ஊர்ப் பெயர் தொம்பலூர் என்று வருகிறது. லூயிஸ் ரைஸ் படித்து 1905-இல் அச்சேற்றிய தொகுதியில் இவை உண்டு. பின்னால் விஜயநகர மன்னர்கள் வந்தார்கள்; அவர்களும் வரி வருவாயைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எந்த அரசும் நிலைக்கவில்லை. எந்த அமைப்பும் நிலைக்கவில்லை. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்த வருவாயிலிருந்து, எப்போது என்று எழுதிய கல் மட்டும் நிற்கிறது. தமிழ் தெரிந்த எவரும் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்வார்கள். பெரியவர் முயன்று பார்த்திருக்கிறார். பாதிக்கு மேல் பிடிபடவில்லை.

1983-ஆம் ஆண்டுப் பெண்ணை அவர் தேடவில்லை. பெயர் நினைவில்லை. கோப்பு எண் மட்டும் நினைவிருக்கிறது.

சீட்டைத் தகரப் பெட்டியில் ரசீதுகளுக்கு மேல் வைத்தார். கெடு நாளுக்கு மறுநாள், வேலை ஆயிற்றா என்று பார்க்க மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனார். ஆகியிருந்தது, இரண்டு நாள் முன்னதாகவே. வெளியே வரும்போது வரிசையின் கடைசியில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் தாள்கள், சீட்டு எதுவும் இல்லை. பேச்சில் தமிழ் தெரிந்தது. எத்தனையாவது முறை வருகிறாள் என்று கேட்டார். நாலாவது என்றாள்.

"கொடுத்ததுக்குச் சீட்டு வாங்கினியாம்மா?"

"இல்லீங்க. வெச்சுட்டுப் போகச் சொன்னாங்க."

பெரியவர் வாசலுக்குப் போகவில்லை. திரும்பி வந்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்.